எதிர்வீட்டுத் தாத்தாவின் பென்ஷன் (மேலத்தெரு குடும்பம் குழு)

கவிதா: பெரியப்பா, எதிர்வீட்டுத் தாத்தா வி.ஏ.ஓ.வாக இருந்தவர் தெரியும்தானே. பழைய லஞ்ச வழக்கில் போன மாதம் தண்டனை ஆகிவிட்டது. பென்ஷனை ஏன் நிறுத்தக் கூடாது என்று விளக்கம் கேட்டு இன்று நோட்டீஸ் வந்திருக்கிறது. பாட்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறார். ரிட்டயர் ஆன பிறகும் நிறுத்த முடியுமா?

முருகன் சித்தப்பா: ஜெயிலும் போய், பென்ஷனும் போனால் ஒரே தப்புக்கு இரண்டு தண்டனை இல்லையா அண்ணே?

சந்திரன் பெரியப்பா: முடியும்மா. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-ல் 8, 9 இரண்டு விதிகளும் அதற்குத்தான். கருவூலத்தில் இருந்தபோது இந்த மாதிரி கோப்புகள் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு வந்த உடனே தானாக நிற்காது, அரசு தனியாக உத்தரவு போட வேண்டும். முழுசாகவும் நிறுத்தலாம், ஒரு பகுதியையும் நிறுத்தலாம். நிரந்தரமாகவும் செய்யலாம், சில வருஷத்துக்கு மட்டும் என்றும் செய்யலாம்.

கவிதா: அவருக்குப் பணிக்கொடையே (கிராஜுவிட்டி) இன்னும் வரவில்லையாம்.

சந்திரன் பெரியப்பா: வராது. வழக்கு நடக்கும்போது ஓய்வு பெற்றால் தற்காலிக பென்ஷன்தான். பணிக்கொடை, கம்யூடேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) எல்லாம் வழக்கு முடிகிறவரை கிடையாது.

முருகன் சித்தப்பா: பென்ஷன் உழைத்துச் சம்பாதித்த சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறதே?

சந்திரன் பெரியப்பா: 2013-ல் ஜார்கண்ட் அரசு வழக்கில் சொன்னது அது. விதியில் இடமில்லாமல் கை வைக்காதே என்றது. இங்கே விதியும் இருக்கிறது, குற்றமும் நிரூபணமாகிவிட்டது.

விமலா அத்தை: எல்லாரும் அவரைப் பற்றியே பேசுகிறீர்கள். பணம் கொடுத்தவளை யாராவது நினைத்தீர்களா? புருஷன் செத்து, வாரிசுச் சான்றுக்கு அலைந்தவள். லஞ்ச ஒழிப்பு போலீஸ் பவுடர் தடவிக் கொடுத்த நோட்டை நீட்டும்போது கை நடுங்கியது என்று என்னிடமே சொன்னாள். இவர் விரலைக் கரைசலில் முக்கியதும் தண்ணீர் ரோஸ் நிறமானதை வாசலில் நின்று ஊரே பார்த்தது. அப்புறம் சாட்சி சொல்ல எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாள்!

முருகன் சித்தப்பா: மறுக்கவில்லை அக்கா. பாட்டி என்ன பாவம் செய்தார்?

சந்திரன் பெரியப்பா: விமலா சொல்வது நியாயம். நிறுத்தவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ரூபாய் விடாமல் நிறுத்துவதை மனசு ஏற்கவில்லை. ஒரு பகுதியை விட்டுவைக்க விதியே இடம் தருகிறது, பதிலில் அதைத்தான் கேட்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே தண்டனை ஆகியிருந்தால் இன்னும் மோசம். அரசியல் சட்டம் 311-ன்படி துறை விசாரணை இல்லாமலே டிஸ்மிஸ் செய்யலாம். டிஸ்மிஸ் ஆனால் பார்த்த சர்வீஸ் எல்லாம் போச்சு. கருணைப்படி என்று இரக்கத்தின் பேரில் தரும் ஒரு தொகையைக் கேட்கலாம், அதுவும் பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வராது.

கவிதா: அப்பீல் போட்டு ஜாமீன் வாங்கியாச்சு, இனி பென்ஷனைத் தொட முடியாது என்று யாரோ சொன்னார்களாம்.

சந்திரன் பெரியப்பா: அதை நம்பிச் சும்மா இருந்துவிடப் போகிறார்கள்! ஜாமீனால் ஜெயிலுக்குப் போவதுதான் நிற்கும். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும். ஹைகோர்ட்டில் விடுதலை ஆனால் நிறுத்தியதைத் திரும்பக் கேட்கலாம், அது பிற்பாடு. நீ நோட்டீஸைப் போட்டோ எடுத்து அனுப்பு. பாட்டிக்கு வேறு வருமானம் இல்லை, மாத மருந்துச் செலவு இவ்வளவு என்று எல்லாம் எழுத வேண்டும்.

விமலா அத்தை: மருந்துச் சீட்டையும் கேட்டு வாங்கு கவிதா.

கவிதா: சரி அத்தை. பெரியப்பா, பதில் தர வெள்ளிக்கிழமைதான் கடைசி. இரண்டாம் பக்கம் மங்கலாக விழுந்திருக்கிறது, மறுபடி எடுத்து அனுப்புகிறேன்.