தாலி கட்டியாச்சா, இல்லையா? கொழும்பில் லைவ் போட்டவர்களும் பார்த்தவர்களும்

வெள்ளவத்தை லைவ்காரன்:

கிழமை நாட்களில் கோட்டையில் ஒரு கந்தோரில் கணினிகளோடு மாரடிக்கிறேன். சனி, ஞாயிறு வந்தால் மச்சானின் வீடியோ கடைக்காகக் கலியாண மண்டபங்களில் லைவ் போடுகிறேன். ஐந்தாறு வருடமாக இந்தப் பிழைப்பு. பட்ட அவமானங்களில் ஒன்றை முதலில் நான் சொல்கிறேன். பிறகு நீங்களும் சொல்லுங்கள்.

ஆவணி மாதம், பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு மண்டபம். முகூர்த்தம் காலை 10.30. ரொறொன்ரோவில் அப்போது இரவு 1 மணி, லண்டனில் காலை 6, மெல்பேர்ணில் பிற்பகல் 3. பெண்ணின் அம்மம்மா ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் பட்டுச்சேலை உடுத்து டிவிக்கு முன்னால் முழித்திருக்கிறார் என்று தகப்பனார் விடியவே வந்து சொன்னார். தகவல்தான் சொன்னார், ஆனால் குரலில் எச்சரிக்கை இருந்தது.

7 மணிக்கு மண்டபத்து வைஃபையைச் சோதித்தேன். அப்லோட், அதாவது வெளியே அனுப்புகிற வேகம், 20 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 20 மெகாபிட்) காட்டியது. நான் அனுப்பப்போவது 4 எம்பிபிஎஸ். ஐந்து மடங்கு இருக்கிறதே என்ற நிம்மதியில் இடியப்பம் சாப்பிடப் போய்விட்டேன்.

சனம் வரத் தொடங்கியது. மண்டப முகாமையாளர் தங்கமான மனிதர். வைஃபை பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் அடித்து, வாசலில் சந்தனக் கும்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். 300 பேர், 300 போன். ஒவ்வொரு போனும் எடுத்த படத்தை அந்தக் கணமே தானாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. 10.20 அளவில் என் திரையில், அனுப்ப முடியாமல் கைவிட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை ஓட்டோ மீட்டர் மாதிரி ஏறத் தொடங்கியது. கெட்டிமேளம் கொட்டிய நேரம் மாப்பிள்ளையின் கையில் தாலி, கை பாதி வழியில், படம் அப்படியே உறைந்துவிட்டது. 40 விநாடி. பிறகு படம் வந்தபோது எல்லோரும் அட்சதை போட்டு முடித்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்டர்நெட் ஸ்லோ" என்று ஒரே சொல்லில் முடிக்கிறோம். ஆனால் பார்க்கிறவர் வீட்டில் வேகம் குறைந்தால் அது அவருடைய பிரச்சினை மட்டும்தான். பிளேயர் தானாகவே சின்னப் படத்துக்கு இறங்கிச் சமாளிக்கும். மண்டபத்திலிருந்து வெளியே போகிற அந்த ஒற்றை வழி அடைபட்டால் ஸ்காபரோ, லண்டன், மெல்பேர்ண் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். 200 வீடுகள் பார்த்தால் 200 முறை நான் அனுப்புகிறேன் என்று மச்சான் இன்னும் நினைக்கிறான். அப்படி அனுப்ப 800 எம்பிபிஎஸ் வேண்டும். நான் அனுப்புவது ஒன்றுதான். அதைப் பல அளவில் மாற்றி, பார்க்கிறவர்களுக்குக் கிட்ட உள்ள சர்வர்களில் பிரதியெடுத்து வைத்துக் கொடுப்பது லைவ் போடுகிற தளத்தின் வேலை. அந்த ஒன்று ஒழுங்காகப் போவதுதான் என் முழுச் சீவியமும்.

அவமானம் அதோடு முடியவில்லை. பெண்ணின் மாமா முன்வரிசையில் இருந்து வாட்ஸ்அப்பில் ரொறொன்ரோவோடு கதைத்துக்கொண்டிருந்தார். உறைவதற்கு முந்தியே ஒரு குழப்பம். "கூறை உடுத்து வந்திட்டா" என்று இவர் சொல்கிறார். அங்கிருந்து மாமி, "என்ன கதைக்கிறியள், இங்க மணவறையில மாப்பிள்ளை தனிய இருக்கிறார்" என்கிறார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ பழைய கலியாணத்தைப் போட்டுக் காட்டுகிற மாதிரி.

இரண்டு பேரும் சொன்னது சரிதான். தொலைபேசி அழைப்பு காத்திருக்காது. வந்த துண்டைக் கொடுக்கும், வராததை விட்டுவிட்டுப் போகும். லைவ் அப்படியில்லை. 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த முறை, பிறகு 2012இல் சர்வதேசத் தரமாக வந்த டாஷ், இரண்டுமே வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, சாதாரண இணையப் பக்கம் போகும் அதே வழியில்தான் அனுப்புகின்றன. ஒரு துண்டு 6 விநாடி என்று வையுங்கள். பிளேயர் மூன்று துண்டைக் கையில் சேர்த்துக்கொண்டுதான் ஓடத் தொடங்கும். அதிலேயே 18 விநாடி போய்விட்டது. அளவு மாற்றுவது, பிரதி எடுப்பது எல்லாம் சேர்ந்தால் அரை நிமிடத்தை நெருங்கும்.

இப்போது மண்டபத்துக்குப் போனதும் நான் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணை, கந்தோர் ரவுட்டரில இருந்து வயர் ஒண்டு இழுக்கலாமோ?" கூடவே இரண்டு வேறு கம்பனிகளின் சிம். 1080 என்கிற பெரிய படத் தரமெல்லாம் விட்டாயிற்று. 720இல் 2.5 எம்பிபிஎஸ் போதும். அம்மம்மாவுக்குத் தாலி தெரிந்தால் சரி, தாலியில் எத்தனை முத்து என்று எண்ணப் போவதில்லை. (எண்ணுவார்கள் என்று மச்சான் சொல்கிறான்.)

கொட்டாஞ்சேனை மூன்றாம் மாடி:

உங்கள் அரை நிமிடத்தால் எங்கள் தொடர்மாடியில் ஒரு சண்டையே நடந்தது.

2022 செப்டெம்பர் 11, ஆசியக் கிண்ண இறுதியாட்டம், துபாய். இலங்கை 170 அடித்திருந்தது. நாங்கள் போனில் இணைய வழியாகப் பார்க்கிறோம். ஐந்தாம் மாடியில் செய்மதி டிஷ். 17ஆவது ஓவரில் ஹசரங்க பந்து வீச வருகிறார். எங்கள் திரையில் அவர் இன்னும் ஓடி வரவே இல்லை, மேலே கூக்குரல். சரி, ஒரு விக்கெட். நாங்கள் அதைப் பார்த்துக் கத்துகிற நேரம் மேலே அடுத்த கூக்குரல். அந்த ஓவரில் மூன்று விக்கெட். மூன்றையும் நாங்கள் காதால் முதலில் பார்த்தோம், கண்ணால் பிறகு கேட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். என் தம்பி பொறுக்க முடியாமல் மேலே போய், "அண்ணை, கொஞ்சம் மெதுவாச் சந்தோசப்படுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தான். வந்த பிறகும் இன்னொருதரம் போகப் பார்த்தான், அம்மா பிடித்து இருத்தினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டிஷ்ஷுக்கு வருகிற சிக்னல் பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் மேலே போய், அதேயளவு கீழே வருகிறது. அந்தப் பயணத்துக்குக் கால் விநாடிதான். நம்முடையது கடலுக்கடியால் வந்து, பக்கத்துச் சர்வரில் இருந்து கைக்கு வந்தும் அரை நிமிடம் பிந்துகிறது. தூரத்தில் பிழை இல்லை, நீங்கள் சொன்ன துண்டு சேர்க்கிற வேலையில்தான்.

நான்காம் மாடியில் தொலைபேசி வயரில் வரும் டிவி. அவர்கள் எங்களுக்கு முந்தி, டிஷ்காரருக்குப் பிந்தி. அந்த முறையில் ஒரு சானலுக்கு வலையமைப்புக்குள் ஒரே பிரதிதான் ஓடுமாம், வழி பிரிகிற இடத்தில் மட்டும் இரண்டாகும். ஆயிரம் வீடு பார்த்தாலும் பாரம் கூடாது. ஆனால் அது அந்தக் கம்பனியின் சொந்த வலையமைப்புக்குள் மட்டும் நடக்கிற காரியம், திறந்த இணையத்தில் நடக்காது. பெரு மழை அடித்தால் டிஷ்காரருக்குப் படம் போய்விடும். அன்றைக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள், நாங்கள் தேத்தண்ணி கொடுத்து மெதுவாகச் சந்தோசப்படுவோம்.

தெஹிவளை ராக்கோழி:

2020 மார்ச் 20, ஊரடங்கு. கொழும்பில் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. வீட்டில் கம்பஸ் படிக்கிற நான், உயர்தரம் படிக்கிற தங்கச்சி, இரவு பகலாகத் தொடர் பார்க்கிற அப்பா. அப்போது எங்கள் இணைப்பில் மாத அளவு இருந்தது. பகலுக்கு ஒரு கணக்கு, நள்ளிரவு தாண்டி விடியும்வரை வேறு கணக்கு. பகல் கணக்கு பத்தாம் திகதிக்கு முன்பே முடிந்துவிடும்.

அப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 3 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணித்தியாலம் பார்த்தால் 1.35 ஜிபி. அவர் நாளுக்கு நான்கு மணித்தியாலம். "அப்ப நான் என்ன சுவரைப் பாக்கிறதோ?" என்றார். நான் ராக்கோழி ஆனேன். இரவு 12க்கு அலாரம் வைத்து எழும்பி, அவருடைய தொடரையும் எங்கள் விரிவுரைப் பதிவுகளையும் இறக்கிவிட்டுத்தான் படுப்பேன்.

பிறகுதான் தெரிந்தது, இரவில் முழித்திருந்தது நான் மட்டும் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் 2012இல் அறிவித்த ஒரு ஏற்பாடு இருக்கிறது. இணையக் கம்பனிகளின் கட்டடத்துக்குள்ளேயே தங்கள் பெட்டிகளை வைத்துவிடுவார்கள். நாளைக்குச் சனம் எதைப் பார்க்கும் என்று கணித்து, ஆட்கள் தூங்குகிற நேரத்தில் அதை அந்தப் பெட்டிகளுக்குள் இறக்கி வைப்பார்கள். யூடியூபுக்கும் அதே மாதிரி ஏற்பாடு உண்டு. தம்புள்ளையில் இருந்து மரக்கறி லொறிகள் இரவோடு இரவாகக் கொழும்புக்கு வருகிற மாதிரி. அரைக் கிலோ கரட் வாங்க யாரும் தம்புள்ளைக்குப் போவதில்லையே.

அந்த மார்ச்சில் ஐரோப்பாவில் நெட்ஃபிளிக்ஸ் 30 நாளுக்குப் படத்தின் பிட் அளவைக் குறைத்தது, அதனால் நெரிசல் 25 வீதம் குறையும் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மா செய்தார். அப்பா நித்திரை கொள்ளும்போது அவருடைய போனில் படத் தரத்தை 360 என்று மாற்றி வைத்துவிடுவார். கண் பார்வை குறைந்துவிட்டது என்று அப்பா கொஞ்ச நாள் பயந்துபோய் இருந்தார்.

பாணந்துறை பஸ் பயணி:

சின்ன விசயம். 2022 ஏப்ரல் 3, ஞாயிறு, ஊரடங்கு, சமூக ஊடகங்கள் எல்லாம் முடக்கம். வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் அகப்பட்டுவிட்டேன். எல்லோரையும் போல, வேறு நாட்டில் இருக்கிற மாதிரிக் காட்டுகிற விபிஎன் போட்டேன். யூடியூப் திறந்தது, ஆனால் செய்தி வீடியோ சுத்திக்கொண்டே நின்றது. சித்தப்பா அரசாங்கத்தைத் திட்டினார். பாதி நியாயம்தான். மீதி, நான் தெரிந்தெடுத்த நாடு நெதர்லாந்து. நான் அங்கே இருக்கிறேன் என்று நம்பி, அங்கே கிட்ட இருந்த சர்வரில் இருந்து அனுப்புகிறார்கள், அது அங்கிருந்து கடல் தாண்டிக் காலி வீதிக்கு வருகிறது. சிங்கப்பூருக்கு மாற்றியதும் படம் ஓடியது. திட்டு மட்டும் நிற்கவில்லை. அது கரண்ட் போகிறவரை தொடர்ந்தது.

வத்தளை:

கலியாணத்தையும் கிரிக்கெட்டையும் சொல்கிறீர்கள். நான் லைவ் போட்டது அப்பாவின் செத்தவீட்டுக்கு. அண்ணா சுவிஸில். விசா அலுவல் முடியாததால் வர வழியில்லை. என்னிடம் இருந்தது ஒரு போனும் ஒரு பவர் பேங்கும்தான். வீட்டில் இருந்து பொரளை கனத்தை மயானம் வரை, வானுக்குள் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே போனேன். கோபுரத்துக்குக் கோபுரம் மாறும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடையும். ஒரு கட்டத்தில் கமராவை மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் விட்டேன். பேச்சுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் தாராளம். அது ஒருமுறையும் அறுபடவில்லை. கனத்தையில் மாமா தேவாரம் பாட, மறுபக்கம் அண்ணாவும் சேர்ந்து பாடினதாக அண்ணி பிறகு சொன்னா.

மனது நொந்தது அடுத்த நாள். பதிவைத் திறந்தால் வீட்டுப் பகுதி முழுக்கச் சத்தம் இல்லை. வாசலில் ஒலிபெருக்கியில் தேவார ஒலித்தட்டு போட்டிருந்தார்கள். பாட்டுக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் வயது, ஆனால் அந்த ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு. தளத்தின் கணினி ஒலியை ஒப்பிட்டுப் பார்த்து வாயை மூடிவிட்டது. அம்மா அழுததும் அதோடு போய்விட்டது. செத்தவீட்டுக்கு லைவ் போடுகிறவர்கள் போனிலும் தனியாக ஒரு பதிவு எடுத்து வையுங்கள். மாமா தன் வாயால் பாடியது மட்டும் அப்படியே இருக்கிறது.

வெள்ளவத்தை லைவ்காரன்:

வத்தளைக்காரர், அனுதாபங்கள். தனிப் பதிவு விசயத்தை இனி நானும் எல்லா இடத்திலும் செய்கிறேன். கலியாணத்தில் நாதஸ்வரம் நேரில் வாசித்தால் பெரும்பாலும் தப்பிவிடும், இடைவெளியில் போடுகிற சினிமாப் பாட்டில்தான் நானும் இரண்டு முறை மாட்டினேன்.

கொட்டாஞ்சேனைக்கு ஒரு தகவல்: சில தளங்களில் தாமதத்தைக் குறைக்கிற தெரிவு இருக்கிறது. போட்டால் சில விநாடிக்கு இறங்கும், ஆனால் கையிருப்புத் துண்டு குறைவதால் சின்னத் தடங்கலுக்கும் சுத்தத் தொடங்கும். கலியாணத்துக்கு நான் போடுவதில்லை. அதைவிட மாமாமாரிடம் போனை வாங்கி வைப்பது சுகம்.

போன ஞாயிறு அதே பம்பலப்பிட்டி மண்டபம். வயர் கொண்டு போயிருந்தேன். வாசலில் புது பாஸ்வேர்ட், இம்முறை லமினேட் பண்ணி ஒட்டியிருந்தார். சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. கழற்றி கமரா பையின் அடியில் வைத்துவிட்டேன். தாலி கட்டி முடிந்து, ரொறொன்ரோவில் இருந்து "கிளியர்" என்று செய்தி வந்த பிறகுதான் திரும்ப ஒட்டினேன். கொஞ்சம் கோணலாக ஒட்டிவிட்டேன். முகாமையாளர் வந்து நேராக்கிவிட்டு, "ஆரோ சின்னப் பிள்ளையள்" என்று சொல்லிக்கொண்டு போனார்.