ஐம்பது வயதானால் சுங்குடி கட்டிவிடுவார்களா?

கொள்முதலில் கையைச் சுட்டுக்கொண்ட கதைகளை இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதுவது சுடாமல் தப்பித்த கதை. மதுரை தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன்.

முதலாளியின் மகன் நல்ல உழைப்பாளி. சலுகை அட்டைக்காக வாங்கி வைத்திருந்த பிறந்த தேதிகளையும் மூன்று வருட பில்களையும் சேர்த்து ஒரு அட்டவணை போட்டார். சுங்குடி, அதாவது முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் மதுரைப் பருத்திச் சேலை, வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் அறுபதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10.4 சதவீதம். பிறப்பு குறைந்துகொண்டே வருவதால் அந்தப் பங்கு இன்னும் ஏறும். அதனால் சுங்குடி விற்பனையும் ஏறும், இப்போதே சின்னாளப்பட்டியில் பெரிய ஆர்டர் போட்டு, கிடங்கும் வாடகைக்கு எடுத்துவிடலாம் என்றார்.

கணக்கில் பிழையே இல்லை. ஆனால் எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது. என் அம்மா இருபது வயதிலிருந்தே சுங்குடிதான். என் மனைவிக்கு 46. வீட்டில் நைட்டி, வெளியே போனால் சுடிதார். இன்னும் நாலு வருடத்தில் தம்பியின் அட்டவணைப்படி அவளும் சுங்குடி வரிசைக்கு வந்துவிடுவாள்!

"தம்பி, இந்த அம்மாக்கள் வயசானதால சுங்குடிக்கு வந்தாங்களா, இல்ல சின்ன வயசிலேயே கட்டிப் பழகினவங்களுக்கு இப்ப வயசாயிருச்சா?" என்று கேட்டேன்.

"அப்ப விற்பனை குறையும்ங்கிறீங்களாண்ணே?"

"அதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்ல தம்பி. ஆனா பழகினவங்கதான்னா, அடுத்து ஐம்பதைத் தொடுறவங்க கட்டுவாங்கன்னு இந்த அட்டவணையை வச்சுச் சொல்ல முடியாதே."

கடையில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எதிரே புதுக்கடை வருகிறது என்றார் ஒருவர். மதுரை சுங்குடிக்கு 2005லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, பயம் எதற்கு என்றார் இன்னொருவர். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் இன்று 45 வயதில் இருப்பவர் ஐந்து வருடம் கழித்து எதை உடுத்துவார் என்பதற்கு இரண்டிலுமே பதில் இல்லை.

சரி, கேட்டே பார்ப்போம் என்று சித்திரை மாதம் முழுக்க பில் போடும்போது ஒரே கேள்வி: எப்போதிருந்து சுங்குடி கட்டுகிறீர்கள்? அதிகம் பேர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்றார்கள். ஒரு அம்மா மட்டும், "பாலியெஸ்டர்தான் ராசா கட்டிக்கிட்டிருந்தேன். இந்த வயசுல வெக்கை தாங்கல, இதுக்கு மாறிட்டேன்" என்றார். அவரைப் போலச் சிலர் இருந்தார்கள். அது தம்பி பக்கம் பேசும் சாட்சி, அதையும் மறைக்காமல் சொன்னேன். எல்லோரும் அப்படி மாறியவர்களாக இருந்திருந்தால் அவர் கணக்கு நின்றிருக்கும்.

கடைசியில் கிடங்கு எடுக்கவில்லை. ஆர்டரைப் பாதியாக்கினோம். நாற்பதுகளில் இருப்பவர்களுக்காக சுங்குடியிலேயே கொஞ்சம் சுடிதார் துணியும் எடுத்திருக்கிறோம்.

*

பதில்:

அண்ணே, எங்கள் கடை திருமங்கலத்தில். பொங்கலுக்குச் சுங்குடி வாங்க வருவது பெரும்பாலும் மகள்கள்தான், அம்மாவுக்கு எடுத்துக் கொடுப்பார்கள். அட்டையில் இருப்பது மகளின் பிறந்த தேதி. உங்கள் அட்டவணையில் இருக்கும் வயது கட்டுகிறவருடையதா, காசு கொடுக்கிறவருடையதா? அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.