வாய்மொழித் தேர்வில் கைகொடுத்த கைக்கணக்கு

அணுசக்திப் பொறியியலில் முதுநிலை ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கணினி தரும் வண்ணப் படங்களை நம்புவதற்கு முன் தாளில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளில் கதிரியக்கப் பொருள்கள் சிதைவதால் எழும் வெப்பத்தை (சிதைவு வெப்பம்), பம்பு ஓடாமலே எப்படி வெளியேற்றுவது என்பதுதான் என் தலைப்பு. சென்னைக்காரிக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2004 சுனாமியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்பு நிலையத்துக்குள் கடல்நீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். 2011இல் ஃபுகுஷிமாவிலும் நிலநடுக்கத்தின்போதே உலைகள் நின்றுவிட்டன. பிறகு வந்த சுனாமியில் மின்சாரம் போனது, குளிர்விக்க வழியில்லாமல் எரிபொருள் உருகியது.

கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலையை, அதாவது எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் வகை உலையை, எடுத்துக்கொண்டேன். 500 மெகாவாட் மின்சாரத்துக்காக 1250 மெகாவாட் வெப்பம். குளிர்விப்பது திரவ சோடியம். அது 98 டிகிரியில் உருகும், 883 டிகிரியில்தான் கொதிக்கும். சூடான சோடியம் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். அந்த ஓட்டத்திலேயே வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்த நான்கு தனிச் சுற்றுகள், ஒவ்வொன்றும் 8 மெகாவாட். இதில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. வெப்பத்தை வெளியேற்றும் அந்தச் சுற்றுகளில் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடுவதும் ஆபத்துதான். காற்றுப் படும் குழாயில் சோடியம் உறைந்தால் ஓட்டமே நின்றுவிடும். ஆய்வேட்டின் பாதிப் பக்கங்களை இதற்கே கொடுத்தேன்.

என் நெறியாளர் மேடம் எந்த வரைபடத்தைக் காட்டினாலும் முதலில் கேட்பது, "கைக்கணக்கு எங்கே?" என்றுதான். அப்போது சலிப்பாக இருக்கும். அதன் அருமை வாய்மொழித் தேர்வில் தெரிந்தது.

புறத்தேர்வாளர் என் ஆய்வேட்டை மூடி ஓரமாக வைத்தார். "மின்சாரம் போய்விட்டது. உலை நின்று ஒரு மணி நேரம் ஆகிறது. எவ்வளவு வெப்பம் வருகிறது, சொல்லம்மா" என்றார்.

நின்ற உலையின் சிதைவு வெப்பத்தைக் கணிக்கும் வே–விக்னர் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினேன். 3600 விநாடியின் மைனஸ் 0.2 அடுக்கு சுமார் 0.194. ஓராண்டு ஓடிய உலை என்று வைத்து அதற்குரிய 0.032ஐக் கழித்து, 0.0622ஆல் பெருக்கினால் உலையின் முழு வெப்பத் திறனில் ஏறத்தாழ ஒரு சதவீதம். அதாவது 12 மெகாவாட்டுக்குச் சற்று மேல். "நான்கில் இரண்டு சுற்றுகளே போதும், சார்" என்றேன்.

"நின்ற மறுகணம்?"

"ஆறேழு சதவீதம், சார். சுற்றுகளால் மட்டும் சமாளிக்க முடியாது. முதல் கட்ட வெப்பத்தை, எரிபொருள் மூழ்கியிருக்கும் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட சோடியக் குளமே வாங்கிக்கொள்ளும். அந்த அவகாசத்தில் இயற்கைச் சுழற்சி வேகம் பிடித்துவிடும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதன்பின் தேர்வு உரையாடலாக மாறியது. சோடியம் உறைவதைப் பற்றியே நெடுநேரம் பேசினோம். அவர் சொன்ன திருத்தம் ஒன்றே ஒன்று: கரும்பலகையில் போட்ட கணக்கை அப்படியே பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும். திருவல்லிக்கேணியில் பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன் அதைச் சேர்த்தேன். உங்கள் ஆய்வேட்டில் தேர்வாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் முதல் பிரதியிலேயே சேர்த்துவிடுங்கள்.