குடும்பக் குழு: நடுவில் அமுங்கிய வாழைப்பழ ரொட்டி

நான், சனி காலை 7.40
அக்கா, நீங்கள் சொல்லிக்கொடுத்த வாழைப்பழக் கோதுமை ரொட்டியை இன்று காலை உணவுக்காகச் செய்தேன். அவனில் இருக்கும்போது மேலே நன்றாகச் சிவந்து உப்பியது. வெளியே எடுத்த ஐந்தே நிமிடத்தில் நடுப்பகுதி அமுங்கிவிட்டது. வெட்டிப் பார்த்தால் அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பிசுபிசுவென்று களிமண் போல இருக்கிறது. குழந்தைகள் மேல்பகுதியை மட்டும் பிட்டுத் தின்றுவிட்டு மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்கள். படம் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா, 7.52
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துண்டின் உள்ளே கீழிருந்து மேலாக நீளநீளமாகத் துளைகள் ஓடுகின்றன, கவனித்தாயா? மாவை அதிகம் அடித்துவிட்டால்தான் அப்படி ஆகும். எதைக் கொண்டு கலந்தாய், கலந்து எவ்வளவு நேரம் கழித்து அவனில் வைத்தாய் என்று சொல்.

நான், 7.55
கட்டியே இருக்கக் கூடாது என்று மின்கலக்கியால் நான்கைந்து நிமிடம் அடித்தேன். அதன் பிறகுதான் அவனைச் சூடாக்க வேண்டும் என்ற நினைவே வந்தது. அது சூடாகும் வரை மாவு அரை மணி நேரம் மேடையில் காத்திருந்தது.

அக்கா, 8.14
காரணம் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஈஸ்ட் சேர்க்கும் ரொட்டிக்கு மாவைப் பிசையப் பிசைய நல்லது; கோதுமையிலுள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் என்னும் வலையாகி, ஈஸ்ட் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல விடும் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம்முடைய ரொட்டியோ சோடாவின் வேகத்தில் உடனடியாக உப்ப வேண்டியது. அதற்கு அந்த வலை இறுகிவிட்டால், வாயு எங்கும் பரவ முடியாமல் கிடைத்த வழியில் துளைத்துக்கொண்டு மேலே போய்விடுகிறது, ரொட்டியும் ரப்பர் போலாகிவிடுகிறது. ஆகவே ஈரக் கலவையை உலர்ந்த மாவில் ஊற்றியபின், ஒரு மரக்கரண்டியால் அடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை புரட்டிவிட்டு, உலர்மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகும் நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், வேகும்போது அவை கரைந்துவிடும்.
இன்னொன்று, சமையல் சோடா தயிரின் புளிப்பைத் தொட்டவுடனேயே வாயுவை விடத் தொடங்கிவிடும். அரை மணி நேரம் காத்திருந்த மாவில் அதன் வலு பெரும்பாலும் போயிருக்கும். முதலில் அவனைச் சூடாக்கு. அதன் பிறகே ஈரத்தையும் உலர்மாவையும் சேர்.

தம்பி, 8.30
பெரியக்கா, எங்கள் வீட்டில் பேக்கிங் பவுடர் மட்டும்தான் இருக்கிறது. சோடாவுக்குப் பதிலாக அதையே அதே அளவில் போடலாமா?

அக்கா, 8.41
அதே அளவு போதாது. சோடா வெறும் காரம்; பேக்கிங் பவுடர் என்பது அந்தச் சோடாவோடு உலர்ந்த அமிலத்தையும், ஈரம் படாமல் காக்க ஸ்டார்ச்சையும் சேர்த்த கலவை. ஆகவே சோடாவின் வலிமை ஏறக்குறைய மூன்று நான்கு மடங்கு அதிகம்; அரைத் தேக்கரண்டி சோடாவுக்கு ஈடாக ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி பவுடர் வேண்டும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு சோடாவை அள்ளிப் போட்டுவிட்டால் ரொட்டியில் சோப்பு வாசம் அடிக்கும். உன் டப்பா பழையதாக இருந்தால் அரைத் தேக்கரண்டியைச் சுடுதண்ணீரில் போட்டுப் பார். பொங்கி நுரைக்காவிட்டால் புதிது வாங்கு. ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகத்தான் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் 1843இல் இங்கிலாந்தில் ஒரு பேக்கிங் பவுடரை உருவாக்கினார். நம் சித்திக்கும் ஈஸ்ட் ரொட்டி ஆகாது என்பதால் இதைப் படித்தபோது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

சித்தி, 9.05
அந்தப் புண்ணியவானுக்கு நன்றி. என் சந்தேகத்தையும் தீர்த்துவை கண்ணா. போன வாரம் சூரியகாந்தி விதை சேர்த்துச் செய்தேன். மறுநாள் பார்த்தால் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் பச்சை நிறம். பூஞ்சை என்று பயந்து முழுவதையும் கொட்டிவிட்டேன்.

அக்கா, 9.12
ஐயோ சித்தி, கேட்டிருக்கலாமே! சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் இருக்கிறது. மாவில் சோடாவின் காரம் மிஞ்சிவிட்டால் அது பச்சையாகிவிடும். உடம்புக்கு எந்தக் கெடுதலும் இல்லை. அடுத்த முறை சோடாவைச் சற்றுக் குறைத்து, தயிரைக் கொஞ்சம் கூட்டுங்கள். பூஞ்சையாக இருந்தால் மேலே பஞ்சு போலப் படர்ந்திருக்கும், வாடையும் வரும்.

நான், 9.20
அளவுகளை இன்னொரு முறை எழுதிவிடுங்கள் அக்கா. காலை அவசரத்தில் எப்படிச் செய்வது என்றும் சொல்லுங்கள்.

அக்கா, 9.38
முழுக்கோதுமை மாவு இரண்டு கப், அதாவது ஏறக்குறைய 240 கிராம். அதில் பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சோடா அரை, உப்பு அரை. தோல் கறுத்துக் கனிந்த வாழைப்பழம் மூன்று, தயிர் அரை கப், எண்ணெய் கால் கப், நாட்டுச் சர்க்கரை கால் கப், முட்டை ஒன்று. பழம் நன்றாகக் கனிந்திருந்தால் இந்தச் சர்க்கரையே போதும். உலர்ந்தவற்றை இரவே கலந்து மூடி வை. பழத்தை மட்டும் காலையில் மசி. 175 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம் ஆகும். மேல்நிறத்தை நம்பாதே, நடுவில் குச்சியைக் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும். பத்து நிமிடம் டின்னிலேயே ஆறவிட்டு, பிறகு கம்பித்தட்டில் முழுவதும் ஆறவை. சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுப்பாகத்தான் இருக்கும்.

நான், ஞாயிறு காலை 8.25
அக்கா, மரக்கரண்டியால் பதினோரு முறைதான் புரட்டினேன். 54 நிமிடத்தில் குச்சி சுத்தமாக வந்தது. நடுவில் நீளமாக ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறதே தவிர எங்கும் அமுங்கவில்லை. அடித்துண்டும் மேல்துண்டு போலவே பொலபொலவென்று இருக்கிறது. சின்னவள் மூன்றாவது துண்டு கேட்கிறாள்.

அக்கா, 8.27
அந்த வெடிப்பு இருக்கத்தான் வேண்டும். மேல்தோல் இறுகிய பிறகும் உள்ளே மாவு எழும்பியிருக்கிறது. இரண்டு துண்டை மூடி எடுத்துவை, ஈரம் சீராகப் பரவி நாளைக் காலையில் இன்னும் நன்றாக இருக்கும்.