கேட் கன்ட்ரோல் தியரி: வாயில் வேண்டாம், மதகு என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

வலி பற்றிய ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்து வருகிறேன். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியிலேயே கட்டுப்படுத்தப்படுகிறது என்பதுதான் கேட் கன்ட்ரோல் தியரி. அதற்கு 'வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு' என்று வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று நேற்று மருத்துவர் ஐயா எழுதியிருந்தார். ஐயா, கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லை.

காலில் சுட்டால், கயிற்றை இழுத்ததும் மணி அடிப்பது போல மூளைக்குச் செய்தி போகும் என்பது பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் தெக்கார்த்தே காலத்துப் படம். 1965-இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை அந்தப் படத்தை மாற்றியது. செய்தி நேரே மேலே போவதில்லை. உடலிலிருந்து வரும் நரம்பிழைகள் வந்து சேரும் தண்டுவடத்தின் பின்பகுதியில், அதாவது பின்கொம்பில், அதன் அளவு கூடியோ குறைந்தோதான் மேலே போகிறது. காயத்தின் செய்தியைக் கொண்டுவரும் மெல்லிய நரம்பிழைகள் அதைக் கூட்டுகின்றன, தொடுகையைக் கொண்டுவரும் தடித்த இழைகள் குறைக்கின்றன. கட்டில் காலில் முழங்காலை இடித்துக்கொண்டால் யாரும் சொல்லாமலே கை போய்த் தேய்த்துவிடுகிறதே, அது இதனால்தான். கட்டுரையில் வரைந்த நரம்பு இணைப்புகளில் பல பின்னால் திருத்தப்பட்டுவிட்டன. அளவு அங்கேயே மாறுகிறது என்ற மையக் கருத்து நிற்கிறது.

கவனியுங்கள், கூடுகிறது, குறைகிறது. வாயிலோ திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். கணினிக்காரர்கள் தருக்க வாயில் என்கிறார்கள், அங்கே பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே இருப்பது பூச்சியம் அல்லது ஒன்று. நரம்புச் சவ்வில் இருக்கும் அயனித் தடங்களுக்கும் பொருந்தும், ஒவ்வொரு தடமும் ஒன்று திறக்கும், இல்லை மூடும். அந்த இரண்டு இடத்துக்கும் வாயிலை விட்டுவிடுவோம். இங்கே நமக்கு வேண்டியது திருகுகிற அளவுக்குத் திறக்கிற ஒன்று. அதற்குத் தமிழில் மதகு இருக்கிறது. ஷட்டரை அரை அடி தூக்கினால் அதற்கேற்ற தண்ணீர், ஒரு அடி தூக்கினால் இன்னும் கொஞ்சம்.

> மதகு என்றால் நகரத்துப் பிள்ளைகளுக்குப் புரியுமா?

புரியும் அக்கா. செம்பரம்பாக்கத்தில் மதகு திறந்தார்கள், மேட்டூரில் திறந்தார்கள் என்று மழைக்காலத்தில் செய்தி வராமல் இருப்பதில்லை. சென்னைப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரிந்த சொல்.

> எங்கள் பக்கம் வான்கதவு என்போம், அது ஆகாதா?

இலங்கை நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் குளம் நிரம்பி மிஞ்சிய தண்ணீரை வெளியேற்றத்தான் வான்கதவு. வயலுக்குப் போகிற தண்ணீரை அளந்துவிடுவது வேறு வேலை, நாம் பேசுவது அந்த வேலையைப் பற்றி.

நான் மதகைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி வந்தது. கொப்புளம் ஆறிப்போனது, எரிச்சல் போகவில்லை. வேட்டியின் ஓரம் உரசினாலே துடித்துப்போவார். வைத்தியம் பார்த்தவர் சொன்னதை 'வாயில்', 'கட்டுப்பாடு' என்றெல்லாம் போட்டு அவருக்கு விளக்கப் பார்த்தேன். கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்புறம் கண்மாய் மடையை வைத்துச் சொன்னேன். தொடுகை வந்தால் பலகை இறங்கணும் அப்பா, உங்களுக்கு இறங்கவில்லை என்றேன். உடனே சொன்னார்: "பலகை உளுத்துப் போச்சுன்னு சொல்லு. தண்ணி கசியுது." நரம்பு சேதமாகும்போது தண்டுவடத்தின் தணிப்பு தளர்ந்துபோவதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மதகு என்று வைத்தால் இன்னொரு வசதியும் உண்டு. மதகு தானாக ஏறி இறங்காது, அதைத் திருக ஒரு ஆள் வேண்டும். தென்மாவட்டங்களில் நீர்பாய்ச்சி என்பார்கள். வலியிலும் அப்படி ஒருவர் மேலே, மூளையில் இருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிய முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர், பலத்த காயத்தோடு வந்த வீரர்களில் பெரும்பாலோர் வலிமருந்து வேண்டாம் என்றதைக் கண்டு 1946-இல் எழுதினார். 1969-இல் டேவிட் ரெனால்ட்ஸ் எலியின் நடுமூளையில் ஓரிடத்தில் மின்தூண்டல் கொடுத்து, மயக்கமருந்து இல்லாமலே அதன் வயிற்றில் அறுவை செய்தார். எலி விழித்துக்கொண்டுதான் இருந்தது, வலியைக் காட்டவில்லை. அந்த இடத்திலிருந்து கிளம்பும் கட்டளை மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளம் வழியாக இறங்கிப் பின்கொம்புக்கு வருகிறது. வலியைத் தணிக்க மூளையே சுரக்கும் என்கெபலின் போன்ற பொருள்கள் இந்தப் பாதையில் வேலை செய்கின்றன. மார்பினும் இதே பாதையைத்தான் பிடிக்கிறது.

அந்த நடுமூளை இடத்தின் பெயரைப் பாருங்கள்: பெரிஅக்வடக்டல் கிரே. மூளைக்குள் நீர் ஓடும் சிறு கால்வாயைச் சுற்றியுள்ள சாம்பல் பகுதி என்று பொருள். உடற்கூற்றுக்காரர்களே அங்கே ஒரு கால்வாயைப் பார்த்திருக்கிறார்கள்! 'வாய்க்கால்சூழ் சாம்பல்' என்று வைத்தால் மதகோடு ஒரே குடும்பமாகிவிடும்.

மேலிருந்து வரும் கட்டளைக்கு 'அடக்கல்', 'ஒடுக்கல்', 'தடுப்பு' மூன்றும் வந்திருக்கின்றன. முதல் இரண்டிலும் போலீஸ் வாடை. தடுப்பு என்றால் முழுக்க நின்றுபோனது போலத் தோன்றும். வலி தணிந்தது என்றுதானே வீட்டில் சொல்கிறோம்? ஆகவே 'இறங்குவழித் தணிப்பு'. அதே பாதை வலியைக் கூட்டவும் செய்யும், நாள்பட்ட வலியில் இதைக் காண்கிறோம். அதற்கு 'இறங்குவழி மிகுப்பு'.

காயச் செய்தியை நரம்புகள் உணர்ந்து அனுப்புவதுதான் நோசிசெப்ஷன். அதற்கு வந்த 'ஊறுணர்வு' எனக்குச் சம்மதம். காயச் செய்தி வேறு, வலி வேறு, இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் பீச்சரின் வீரர்களைப் பற்றி எழுதவே முடியாது. ஊறு என்றால் தொடுகை, குறளிலேயே 'சுவைஒளி ஊறுஓசை' என்று வருகிறது என்ற மறுப்பைப் படித்தேன். உண்மைதான். ஆனால் இன்று 'ஊறு விளைவித்தல்' என்ற வழக்கில்தான் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது, தொடுகைக்கு யாரும் சொல்வதில்லை.

ஆக, என் ஓட்டு 'வலி மதகுக் கோட்பாடு'. அந்தச் செய்தியை உணரும் நரம்பு முனையான நோசிசெப்டாருக்கு 'ஊறுணரி' என்று ஒட்டிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னால் 'ஊறுண்ணி' என்று காதில் விழுகிறது. வேறு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?