ஆர்ஓ தண்ணீர் ‘செத்த தண்ணீரா’?

சுனை:
தண்ணீர் என்றால் எச்2ஓ என்று படித்ததோடு நின்றுவிட்டவர்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். ஊற்றிலும் ஓடையிலும் சுழன்று வரும் நீரில் மூலக்கூறுகள் அறுகோண அடுக்காக அமைந்திருக்கின்றன. அதே நீரை ஆர்ஓ கருவியில் பம்பு வைத்து அழுத்தி, உப்பை வடிகட்டும் சவ்வுக்குள் தள்ளினால் அடுக்கு நொறுங்கிவிடுகிறது. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 20 காட்டும், பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் உடம்பைப் பொறுத்தவரை அது செத்த தண்ணீர். பெரிய பெரிய கொத்துகளாகக் கிடப்பதால் செல்லுக்குள் போகாது. சுழற்றியோ காந்தத்தின் ஊடாகச் செலுத்தியோ அதற்கு மறுபடி உயிரூட்டலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரால்ட் போலாக், நீருக்கு நான்காவது நிலை உண்டென்று 2013-இல் புத்தகமே எழுதியிருக்கிறார். ‘போலி அறிவியல்’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல் பதில் சொல்லுங்கள்.

பைப்பெட்:
சரி, அந்தச் சொல்லையே எடுக்காமல் சொல்கிறேன்.

நீருக்குக் கட்டமைப்பு இல்லை என்று வேதியியல் படித்த யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு மூலக்கூறும் தன்னைச் சுற்றியுள்ள மூன்று, நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கிறது. கேள்வி, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான். ஒரு பிணைப்பின் ஆயுள் ஏறத்தாழ ஒரு பிக்கோ நொடி, அதாவது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 2005-இல் நேச்சர் இதழில் டொரான்டோ, பெர்லின் ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீட்டில் நீரின் பிணைப்பு வலை தன் முந்தைய அமைப்பின் தடயத்தை 50 ஃபெம்டோ நொடிக்குள் தொலைத்துவிடுகிறது. அது பிக்கோ நொடியிலும் இருபதில் ஒரு பங்கு. ஊற்றில் இருந்த அடுக்கு உங்கள் டம்ளர் வரை வந்து சேர வழியே இல்லை. சவ்வு எதை உடைத்திருந்தாலும், அதற்கு முன்னும் பின்னும் நீர் தானாகவே அதை உடைத்துக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்தது செல். செல்லின் உறையில் நீர் நுழைவதற்கென்றே அக்குவாபோரின் என்ற புரத வாசல் இருக்கிறது. அதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேக்கு 2003-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். வாசலின் மிகக் குறுகிய இடம் சுமார் 0.3 நானோமீட்டர்தான். மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். அறுகோணமாக வந்தாலும் எண்கோணமாக வந்தாலும் வாசலில் கலைந்தாக வேண்டும். ஒரு வாசல் வழியே நொடிக்கு 300 கோடி மூலக்கூறுகள் வரை கடக்கின்றன. உங்கள் சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் 99 சதவீதத்தைப் பெரும்பாலும் இப்படிப்பட்ட வாசல்கள் வழியாகத்தான் திரும்ப உறிஞ்சுகிறது. சவ்வைக் கடந்தால் நீர் செத்துவிடும் என்றால், நாம் யாரும் உயிரோடு இருக்க முடியாது சார்.

சுனை:
கணக்கெல்லாம் சரி. அளவீடு வேறு கதை சொல்கிறதே? அணுக்கருக்களின் காந்த அதிர்வை அளக்கும் ஆக்சிஜன்-17 என்எம்ஆர் கருவியில் வைத்தால் ஊற்று நீருக்குக் கோடு குறுகலாகவும் குழாய் நீருக்கு அகலமாகவும் வருகிறது. குறுகிய கோடு என்றால் சிறிய கொத்து. போலாக்கின் ஆய்வகத்தில் ‘விலக்கு மண்டலம்’ நுண்ணோக்கியில் கண்ணுக்கே தெரிகிறது. கண்ணால் பார்ப்பதையும் மறுப்பீர்களா?

பைப்பெட்:
பார்த்ததை மறுக்கவில்லை, அதற்குச் சொன்ன காரணத்தைத்தான் மறுக்கிறேன்.

அந்த என்எம்ஆர் கோட்டின் அகலம் பிஎச்-ஐ, அதாவது நீரின் அமில-கார அளவைப் பொறுத்து மாறும். நடுநிலை நீரில் அகலம் அதிகம். கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்ந்தால், மூலக்கூறுகளுக்கிடையே புரோட்டான் கைமாறும் வேகம் கூடிக் கோடு குறுகிவிடும். கொத்தின் அளவைக் காட்டுவதாகச் சொல்லப்படும் அந்தப் படம் உண்மையில் பிஎச் வித்தியாசத்தைக் காட்டலாம். ஒரே பிஎச்-இல் வைத்து ஒப்பிட்டார்களா என்பதுதான் விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

விலக்கு மண்டலம் நிஜம். நாஃபியான் போன்ற ஒரு பரப்பை நீரில் வைத்தால், நீரில் மிதக்கும் நுண்மணிகள் அதைவிட்டு நூற்றுக்கணக்கான மைக்ரான் தூரம் விலகுகின்றன. நாஃபியான் ஒரு அயனிப் பரிமாற்றப் பொருள். அது நீரிலுள்ள அயனிகளை மாற்றிக்கொள்ளும்போது அருகே செறிவு ஏற்றத்தாழ்வு உண்டாகிறது, அந்தச் சரிவில் மணிகள் நகர்கின்றன. புது நிலை எதுவும் தேவைப்படாமலே விலகல் நடந்துவிடுகிறது. போலாக் சொல்வதையே எடுத்துக்கொண்டாலும் அந்த மண்டலத்துக்கு ஒரு பரப்பு பக்கத்தில் இருந்தாக வேண்டும். பாட்டிலில் அடைத்து எடுத்துப்போகிற சரக்கு அல்ல அது.

இந்தப் பாதையில் பெரிய மனிதர்களே சறுக்கியிருக்கிறார்கள். 1960-களில் சோவியத் விஞ்ஞானி டெர்யாகின் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் ‘பாலிவாட்டர்’ என்ற புதுவகை நீர் கிடைத்ததாகச் சொல்ல, மேற்கு நாடுகளின் ஆய்வகங்களும் பின்னாலேயே ஓடின. அமெரிக்காவில் டெனிஸ் ரூசோ என்ற விஞ்ஞானி விளையாடி வந்த கையோடு தன் வியர்வையைப் பிழிந்து நிறமாலை எடுத்தார். அது பாலிவாட்டர் நிறமாலையை அப்படியே ஒத்திருந்தது. 1973-இல் டெர்யாகினே, எல்லாம் மாசு செய்த வேலை என்று ஒப்புக்கொண்டார்.

வேம்பு:
அறுகோணம், நோபல் எல்லாம் நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்கோங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். ஃபில்டர்ல வர்ற தண்ணி உடம்புக்கு நல்லதா இல்லையா? ‘உயிர்த்தன்மை’ போயிடும்னு சொல்றாங்களே, அப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கா?

வடிகால்:
குடிநீர் நிலையத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் நானும் வருகிறேன். வேம்பு கேட்டதுதான் இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி.

‘உயிர்’ உண்டு, அதை எண்ணவே முடியும். கிருமிநாசினி சேர்த்த நல்ல குடிநீரில்கூட ஒரு மில்லிலிட்டருக்குப் பத்தாயிரத்திலிருந்து லட்சம் வரை பாக்டீரியா செல்கள் இருப்பது சாதாரணம். ஆய்வகத் தட்டில் வளர்வது அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. பெரும்பாலானவை நமக்கு ஒன்றும் செய்யாதவை. எங்கள் துறையில் கவலை எண்ணிக்கையைப் பற்றியதல்ல, அவை பெருகத் தீனி இருக்கிறதா என்பது பற்றியது. கரைந்திருக்கும் கரிமப் பொருளில் பாக்டீரியா தின்னக்கூடிய பங்கு லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால், குளோரின் இல்லாமலே நீர் நிலையாக இருக்கும் என்று நெதர்லாந்தில் 1980-களிலேயே காட்டினார்கள். அந்த நாட்டில் இன்றும் குழாய்நீரில் குளோரினை மிச்சம் வைத்து அனுப்புவதில்லை.

இப்போது வீட்டு ஃபில்டருக்கு வாருங்கள். முதலில் அதிலுள்ள கார்பன், அதாவது கரித்துகள், குளோரினைப் பிடித்துக்கொள்கிறது. அதே கார்பன் கரிமப் பொருளையும் பிடித்து வைக்கிறது. தீனி உண்டு, காவல் இல்லை, இரவு முழுக்கத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. கார்பன் துகள்மேல் வழவழவென்று உயிர்ப்படலம் கட்ட வேறென்ன வேண்டும்? சவ்வு பாக்டீரியாவைத் தடுக்கும், உண்மை. சவ்வைத் தாண்டிச் சேமிப்புத் தொட்டியிலும் கடைசிக் குழாயிலும் வளர்வதை அது தடுக்காது. சுனை ஐயா தேடுகிற ‘உயிர்’ அங்கேதான் கொழுத்துக் கிடக்கிறது.

பைப்பெட்:
பயமுறுத்தாதீர்கள். தட்டில் வளரும் அந்த பாக்டீரியா எண்ணிக்கை மட்டும் ஏறினால் நோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதானே உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் முடிவு சொன்னார்கள்?

வடிகால்:
சொன்னார்கள், மறுக்கவில்லை. அதே சமயம் கனடாவின் மான்ட்ரியலில் பெய்மென்ட் என்பவரின் ஆய்வுக் குழு 1991-இல் வெளியிட்டதையும் பாருங்கள். வீட்டு ஆர்ஓ வைத்தவர்களுக்கு வயிற்றுக்கோளாறு குறைவு, அது ஃபில்டருக்குச் சாதகம். ஆனால் அந்த ஆர்ஓ வீடுகளுக்குள்ளேயே, தொட்டி நீரில் 35 டிகிரியில் வளரும் பாக்டீரியா எண்ணிக்கைக்கும் வயிற்றுக்கோளாறுக்கும் ஒரு தொடர்பு தென்பட்டது. பிறகு வந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை என்பதும் உண்மை. எதிர்ப்பு சக்தி குறைந்தவர் உள்ள வீட்டில் நான் அந்தச் சந்தேகத்தின் பலனை ஃபில்டருக்குக் கொடுக்க மாட்டேன்.

வேம்பு, உங்களுக்கு நேரடிப் பதில்: மூலநீரில் உப்போ, ஃப்ளோரைடோ, ஆர்செனிக்கோ அளவுக்கு மேல் இருந்தால் ஆர்ஓ வேண்டும். இல்லையென்றால் அது வேண்டாத செலவு, வேண்டாத கழிவுநீர். கிருமி மட்டும்தான் பயம் என்றால் கொதிக்க வையுங்கள், அல்லது புறஊதா விளக்கு போதும். நீர் தெளிவாக இருந்தால்தான் விளக்கு வேலை செய்யும். எதை வைத்தாலும் கார்பனைக் குறித்த காலத்தில் மாற்றுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பினால் முதல் தொட்டி நீரைக் கொட்டிவிடுங்கள்.

சுனை:
பார்த்தீர்களா, ஆர்ஓ எல்லாருக்கும் வேண்டாம் என்று நீங்களே சொல்கிறீர்கள். தாது முழுக்க நீக்கிய நீரைக் காலம் காலமாகக் குடிப்பது நல்லதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட தொகுப்பிலேயே கட்டுரை இருக்கிறது. நான் சொன்னதும் அதுதானே?

பைப்பெட்:
அதுவல்ல. அந்தக் கட்டுரை பேசுவது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும். அது நியாயமான கவலை. சாப்பாட்டில் அவை குறைவாக உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல். தீர்வும் எளிது: தாதுவைத் திரும்பச் சேர்ப்பது. காந்தம் கால்சியம் தராது. தாதுவைப் பற்றிய உண்மையான கவலையைக் காட்டி அறுகோணத்தை விற்கிறார்களே, எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

சுனை:
கோபத்தை விடுங்கள், விதையிடம் கேட்போம். விதைக்கு நம்பிக்கையும் கிடையாது, விளம்பரமும் தெரியாது. சுழற்றிய நீரில் சீக்கிரம் முளைக்கிறது. எத்தனை பேர் செய்து காட்டியிருக்கிறார்கள்!

பைப்பெட்:
சுழற்றும்போது கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், காற்றிலிருந்து ஆக்சிஜன் சேரும். விதைக்கு இரண்டும் பொருட்டுதான். அதோடு எந்தத் தட்டில் எந்த நீர் என்று தெரிந்தவரே முளையை எண்ணினால், எண்ணுகிற கண்ணுக்கு நம்பிக்கை இருக்குமே. 1988-இல் நீருக்கு நினைவாற்றல் உண்டென்ற பிரெஞ்சு ஆய்வாளர் பென்வெனிஸ்ட்டின் கட்டுரையை வெளியிட்ட நேச்சர், அவருடைய ஆய்வகத்துக்கே ஆள் அனுப்பியது. எந்தக் குழாயில் எது என்பதை மறைத்துச் செய்தபோது விளைவு காணாமல் போனது. நீங்களும் மறைத்துச் செய்யுங்கள். சுழற்றாத நீரையும் கரண்டியால் நன்றாகக் கலக்கிக் காற்றேற்றிக்கொள்ளுங்கள்.

சுனை:
கரண்டியால் கலக்கினால் அதுவும் சுழல்தானே! ஒப்பீடு கெட்டுவிடும்.

பைப்பெட்:
அப்படியானால் கரண்டியே போதும், கருவி எதற்கு?

சுனை:
சுழலின் வடிவம் முக்கியம். கரண்டிக்கு அந்த வடிவம் வராது.

வடிகால்:
அப்போ மூன்று தட்டு வையுங்கள்: கருவியில் சுழற்றியது, கரண்டியால் கலக்கியது, தொடாமல் வைத்தது. மூன்றும் ஒரே குழாயில் ஒரே நேரத்தில் பிடித்த நீராக இருக்கட்டும், ஊற்றும் முன் பிஎச் அளந்து எழுதுங்கள். கருவியை ஓட்டுவது சுனை ஐயா, தட்டுக்குக் குறியீடு போடுவது நான், முளையை எண்ணுவது வேம்பு. பைப்பெட் கிட்டவே வரக்கூடாது.

வேம்பு:
நான் எண்றேன். அதுக்கு முன்னாடி, என் ஃபில்டர்ல கார்பன் மாத்துன தேதி எங்க எழுதியிருக்குன்னு யாராவது சொல்லுங்களேன், பெட்டி மேல ஒண்ணும் காணோம்.