பயிற்சிச் சண்டையில் ஐந்து முறையும் குறி தவறியது: பகடை உருட்டும் பாட் நிரலில் கோளாறா?

கேள்வி

வணக்கம். டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் எழுத்து வழியாகவே டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு) ஆடும் குழுவொன்றில் அண்மையில் சேர்ந்தேன். 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளையே பின்பற்றுகிறார்கள். கதைக்குள் நுழையும் முன், விதிகள் கைக்குப் பழகட்டும் என்று டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) எனக்கும் கோப்ளின் என்னும் ஒரு குட்டி அரக்கனுக்கும் பயிற்சிச் சண்டை வைத்தார். என் பாத்திரம் முதல் நிலை ஃபைட்டர், அதாவது போர்வீரர். நெடுவில்லாலோ குறுவாளாலோ தாக்கும்போது பகடை எண்ணோடு 5 கூட்டிக்கொள்ளலாம் (+5). கோப்ளின் என் பக்கத்திலேயே வந்து நிற்க, வில்லால் ஐந்து முறை எய்தேன், ஐந்தும் தவறின. ஒவ்வொரு முறையும், பகடை உருட்டித் தரும் பாட் இரண்டு எண்களைக் காட்டி, சிறியதையே கணக்கில் எடுத்துக்கொண்டது. இது கோளாறுதானே?

இன்னொன்று: "அம்பு அதன் கழுத்தில் பாய்ந்தது, இரத்தம் பீறிட்டது" என்று நான்கு வரி எழுதிவிட்டுப் பகடையை உருட்டினேன், 4 விழுந்தது. டிஎம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் செய்தது முறையா?

பதில் 1

நண்பரே, பாட் சரியாகவே இயங்கியிருக்கிறது. எதிரி ஐந்து அடிக்குள் நிற்கும்போது வில்லால் எய்தால் டிஸ்அட்வான்டேஜ் உண்டு. அதாவது இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணைக் கொள்ள வேண்டும்.

கோப்ளினின் ஏசி (தாக்குதல் பட எட்ட வேண்டிய எண்) 15. உங்களுக்கு +5 இருப்பதால், பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். ஒற்றைப் பகடையில் அதற்கு 55 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இரண்டு பகடைகளிலுமே 10க்குக் குறையாமல் விழ வேண்டும் என்றால், அது 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஒற்றைப் பகடையோடு ஐந்து முறை தொடர்ந்து தவறுவது ஏறத்தாழ 54இல் ஒரு முறைதான் நடக்கும் என்பதால், அப்போது நீங்கள் ஐயப்பட்டிருந்தால் வியப்பில்லை. ஆனால் டிஸ்அட்வான்டேஜோடு அதுவே ஆறில் ஒரு முறை நடக்கக்கூடியது. வீட்டில் தாயக்கட்டை உருட்டி, தாயம் விழாமல் காயை இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது புதிதன்று.

அடுத்த முறை கோப்ளின் நெருங்கியதும் குறுவாளை உருவுங்கள். குறுவாளின் சேதம் சராசரி 6.5, வில்லின் சேதம் 7.5 என்றாலும், குறி தவறும் வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு வீச்சுக்கு வாள் சுமார் 3.6 தருகிறது, வில் 2.3 மட்டுமே தருகிறது.

பதில் 2

இரண்டாம் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் இதனால் நல்ல குழுக்கள் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும்போது பகடை உருள்வதை எல்லோரும் ஒரே கணத்தில் காண்கிறார்கள். அரட்டையிலோ, நீங்கள் எழுதிய நான்கு வரியைப் படித்தவுடன் மற்றொருவர், பாட் எண்ணைக் காட்டுவதற்குள்ளேயே, "கோப்ளின் விழுந்ததைக் கண்டு ஓடி வருகிறேன்" என்று எழுதத் தொடங்கிவிடுவார். பிறகு எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரித்தெடுக்கவே அந்த இரவு போய்விடும்.

ஆகவே, பகடைக்கு முன் முயற்சியை மட்டும் எழுதுங்கள்: "கழுத்தைக் குறிவைத்து நாணை இழுக்கிறேன்." எண் வந்த பிறகு விளைவை எழுதுங்கள். 4 விழுந்தாலும் எழுத இடம் உண்டு. "நாண் விரலில் வழுக்கியது, அம்பு அதன் காதோரம் உரசிப் பின்னாலிருந்த மரத்தில் தைத்தது" என்ற வரி, கழுத்தில் பாய்ந்த அம்பைவிட எந்த வகையிலும் குறைந்ததன்று. அதே சமயம், டிஎம் காரணத்தையும் சொல்லியிருக்கலாம்; பயிற்சிச் சண்டையே அதற்காகத்தானே வைக்கப்படுகிறது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஐந்து அடி விதியை டிஎம் முன்பே எழுதியிருந்ததைப் பழைய உரையாடலில் இப்போதுதான் கண்டேன். அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். நேற்றிரவு மீண்டும் அதே கோப்ளினோடு மோதினேன். "விலாவை நோக்கி வாளை வீசுகிறேன்" என்று மட்டும் எழுதிவிட்டு உருட்டினேன்: 12 விழுந்தது, 5 சேர்த்து 17. சேதப் பகடையில் 4, அதனோடு 3 சேர்த்து 7. கோப்ளினின் உயிர்ப்புள்ளிகளும் 7தான். அதன் பிறகே அந்த நான்கு வரியை எழுதினேன்.